ஹேலோ 5: வசவு காதில் விழுந்தது, பாராட்டு விழவில்லை

2015 அக்டோபர் 27 அன்று மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலுக்கு, ‘ஹேலோ’ என்ற அறிவியல் புனைவுத் துப்பாக்கி கேம் தொடரில் ‘ஹேலோ 5: கார்டியன்ஸ்’ வெளியானது. முதல் வாரத்தில் கேமும் அதையொட்டி விற்ற கன்சோல்களுமாகச் சேர்த்து 40 கோடி டாலருக்கு மேல் விற்பனை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விமர்சனங்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் விமர்சகர்களின் சராசரி மதிப்பெண் 84. இந்த எண்களை வைத்துப் பார்த்தால் பெரிய குறை எதுவும் தெரியாது. ஆனால் ஹேலோ ஆடுகிறவர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் அந்தப் பெயரை எடுத்துப் பாருங்கள். ஒருவர் முகம் சுளிப்பார். பக்கத்தில் இருப்பவரோ, சுடுவதற்கு இதைவிடச் சுகமான ஹேலோ வரவே இல்லை என்பார். இரண்டு பேரும் ஒரே டிஸ்க்கைத்தான் வாங்கினார்கள். முதலாமவர் மெனுவில் கதை ஓடும் ‘கேம்பெய்ன்’ என்பதை அழுத்தியவர், இரண்டாமவர் ஆட்டக்காரர்கள் ஆன்லைனில் ஒருவரோடொருவர் மோதும் ‘அரீனா’வை அழுத்தியவர்.

யார் சொல்வது சரி என்று பஞ்சாயத்து பண்ணுவதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. பத்து வருடம் கழித்துப் பார்க்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. இந்தத் தொடரின் கடைசி மூன்று பெரிய கேம்களிலும் ஆட்டக்காரர்கள் திட்டியதை ஸ்டுடியோ ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டது, பாராட்டியதை அப்படியே தொலைத்தது. ஹேலோ 5 அந்த வரிசையின் நடுவில் நிற்கிறது. அதனால்தான் அதை எடுத்துக்கொண்டேன்.

கடனோடு வந்த கேம்

முதல் ஹேலோ 2001 நவம்பர் 15 அன்று முதல் எக்ஸ்பாக்ஸோடு சேர்ந்தே வந்தது. செய்தவர்கள் பஞ்ஜி. 2004இல் இரண்டாவது, 2007இல் மூன்றாவது. மூன்றுக்கும் மெட்டாக்ரிட்டிக்கில் 94க்குக் குறையாத மதிப்பெண். அப்புறம் பஞ்ஜி மைக்ரோசாஃப்டிலிருந்து பிரிந்து போனது. போகும்போது ஓடிஎஸ்டி, ரீச் என்று இரண்டைச் செய்து கொடுத்துவிட்டுப் போனது. தொடரைக் கவனித்துக்கொள்வதற்கென்றே மைக்ரோசாஃப்ட் அமைத்த ஸ்டுடியோதான் 343 இண்டஸ்ட்ரீஸ்.

அவர்கள் செய்த முதல் முழு கேம் 2012இல் வந்த ஹேலோ 4. அதன் கதையை, குறிப்பாகத் தொடரின் நாயகனான சிப்பாய் மாஸ்டர் சீஃபுக்கும் அவர் தலைக்கவசத்தில் குடியிருக்கும் செயற்கை அறிவான கோர்டானாவுக்கும் இடையிலான உறவை, பலரும் மனதார ஏற்றுக்கொண்டார்கள். கோர்டானா சிதைந்துகொண்டே வந்து கடைசியில் சீஃபைக் காப்பாற்றிவிட்டு மறையும் காட்சி, துப்பாக்கி கேம்களில் அபூர்வமாகக் கிடைக்கும் கனத்தோடு இருந்தது. ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் மோதும் மல்டிபிளேயரைத்தான் போட்டுத் தாக்கினார்கள். எல்லோரும் ஒரே துப்பாக்கியோடு தொடங்கி, மேப்பில், அதாவது ஆட்டக்களத்தில், கிடக்கும் நல்ல ஆயுதத்துக்காக அடித்துக்கொள்வதுதான் ஹேலோ. நாலாவது கேமில் ஆளுக்கொரு ஆயுதத் தொகுப்பு, நன்றாக ஆடினால் வானத்திலிருந்து வந்து விழும் பரிசு ஆயுதம் என்று அன்றைய ராணுவ ஷூட்டர்களின் பழக்கங்களைக் கொண்டுவந்து திணித்திருந்தார்கள். ஆட்கள் வேகமாகக் கழன்றார்கள்.

அடுத்து 2014 நவம்பரில் நான்கு பழைய கேம்களையும் ஒன்றாகக் கட்டி ‘மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன்’ வந்தது. காசு கொடுத்து வாங்கியவர்களால் ஆன்லைனில் ஒரு ஆட்டத்துக்குள் நுழையவே முடியவில்லை. இந்தக் கோளாறு ஒரு நாள், இரண்டு நாளில் தீரவில்லை. வாரக்கணக்கில் இழுத்தது. பரிகாரமாக ஓடிஎஸ்டி கேம்பெய்னை இலவசமாகக் கொடுத்தார்கள். ஆக, ஹேலோ 5 வந்தபோது ஆட்டக்காரர்களிடம் ஸ்டுடியோ பெயரில் ஏற்கெனவே பழைய பாக்கி இருந்தது. பின்னால் எழுந்த கோபத்தின் அளவைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

விளம்பரத்தில் இருந்த கேம்

2015 மார்ச்சில் இரண்டு விளம்பரங்கள் வந்தன. ஒன்றில், இடிபாடுகளுக்கு நடுவில் அடிபட்டுக் கிடக்கும் மாஸ்டர் சீஃபை நோக்கித் துப்பாக்கியோடு நடந்து வருகிறார் லாக் என்ற புது ஸ்பார்ட்டன், அதாவது சீஃபைப் போன்ற சூப்பர் சிப்பாய். மற்றொன்றில் அதே இடம், ஆட்கள் மட்டும் இடம் மாறியிருக்கிறார்கள். கிடப்பது லாக், நடந்து வருவது சீஃப். யார் துரோகி, யார் வேட்டைக்காரன் என்ற கேள்வியை இரண்டும் சேர்ந்து கிளப்பின. கூடவே ‘ஹன்ட் த ட்ரூத்’ என்று ஒரு ஒலித்தொடரும் வந்தது. சீஃபின் பால்ய காலத்தைப் பற்றி அரசாங்கம் சொன்ன கதை பொய் என்று ஒரு பத்திரிகையாளர் துப்புத் துலக்கிக்கொண்டே போகும் கதை அது. பத்திரிகையாளருக்குக் குரல் கொடுத்தவர் கீகன் மைக்கேல் கீ. ஹேலோவே ஆடாதவர்கள்கூடக் காது கொடுத்துக் கேட்கும் அளவுக்கு நன்றாக இருந்தது.

சரி, டிஸ்க்கைப் போட்டால் என்ன கிடைத்தது? மொத்தம் 15 மிஷன். அதில் சீஃபாக ஆடக் கிடைப்பவை மூன்று. மீதி பன்னிரண்டிலும் லாக்கும் அவருடைய ஒசைரிஸ் அணியும்தான். சில மிஷன்களில் சண்டையே கிடையாது. மெரிடியன் ஸ்டேஷன் என்ற சுரங்க ஊரில் இறங்கி, நாலு பேரிடம் பேசி, ஒரு கதவு வழியாக வெளியே போனால் மிஷன் முடிந்தது. அதற்கும் ஒரு மிஷன் கணக்கு. அட்டையில் சீஃபையும் லாக்கையும் எதிரும் புதிருமாக நிறுத்தியிருந்தார்கள். உள்ளே இருவரும் நேருக்கு நேர் மோதுவது ஒரே ஒரு இடத்தில்.

அந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் கேம்பெய்ன் மீதான முழுக் கோபமும் அங்கேதான் சுருண்டு கிடக்கிறது. ஐந்தாவது மிஷனின் முடிவு. லாக் அணி சீஃபைப் பிடித்துவிடுகிறது. சரணடையச் சொல்கிறார் லாக். சீஃப் திரும்பி நடக்கிறார். கைகலப்பு. சீஃபின் கவசத்தை முடக்குவதற்காக லாக் கொண்டுவந்த கருவியைச் சீஃபே பிடுங்கி லாக் மேல் பொருத்திவிடுகிறார். லாக் அசைய முடியாமல் கிடக்க, சீஃப் போய்விடுகிறார். காட்சியாகப் பார்த்தால் பழுதில்லை. ஆனால் இத்தனையும் வீடியோவாக ஓடுகிறது. கன்ட்ரோலர் மடியில் சும்மா கிடக்கிறது. ஏழு மாதம் விளம்பரம் செய்த சண்டையில் ஆட்டக்காரருக்கு ஒரு பொத்தான் வேலைகூட இல்லை. அது முடிந்ததும் வேட்டை என்ற பேச்சே நீர்த்துப்போகிறது. ஏனென்றால் உண்மையான வில்லன் கோர்டானா என்பது தெரிந்துவிடுகிறது.

ஆமாம், ஹேலோ 4இல் எல்லோரையும் உலுக்கிவிட்டு மறைந்த அதே கோர்டானா. பிழைத்துவந்து, செயற்கை அறிவுகளைத் திரட்டி, பிரபஞ்சத்துக்கே அமைதியைத் திணிக்கப்போகும் சர்வாதிகாரியாகிவிட்டாள். போன கேமில் எது பாராட்டப்பட்டதோ அதன் தலையிலேயே கைவைத்தார்கள். ஹேலோ 4இன் துணைக்கதையில் பெரிய எதிரியாக வளர்க்கப்பட்ட ஜுல் மடாமா, இங்கே முதல் மிஷனிலேயே லாக் கையால் ஒரு வீடியோ காட்சியில் முடிகிறார். முந்தைய கேமின் மைய வில்லன் டைடாக்ட்டின் கதையைக் காமிக்ஸ் புத்தகத்தில் முடித்துவைத்தார்கள். வரிசையாகக் கேம் மட்டும் ஆடிவந்த ஒருவருக்கு இங்கே வாசல் எது, கொல்லை எது என்றே புரியாது. சீஃபோடு வரும் ப்ளூ டீம் மூவரும் அவருடைய சிறுவயதுத் தோழர்கள், நாவல் படித்தவர்களுக்கு நெருக்கமானவர்கள். கேம் அவர்களை அறிமுகம்கூடச் செய்யாமல் ஓடுகிறது.

வார்டன் எடர்னல் பற்றி எழுதாவிட்டால் ஹேலோ 5 ஆடியவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். கையில் பெரிய வாளோடு வரும் இந்தக் காவலாளியின் பலவீனம் முதுகில் இருக்கிறது. ஒருவர் முன்னால் நின்று வம்பிழுக்க, இன்னொருவர் பின்னால் போய்ச் சுட வேண்டும். முதல் தடவை நன்றாகவே இருக்கிறது. பிறகு அவர் மறுபடி வருகிறார். மறுபடியும் வருகிறார். ஒரு கட்டத்தில் மூன்று உடம்போடு ஒரே நேரத்தில் வருகிறார். தனியாக ஆடுகிறவருக்குப் பின்னால் போகிற அந்த இன்னொருவர் கணினி ஓட்டும் தோழர். அவருக்கு நிலைமையின் அவசரம் புரியாது. நீங்கள் அடிபட்டு விழுந்து, தூக்கிவிடச் சொல்லிக் கூப்பிட்டால், அவர் நேராக எதிரியின் வாளுக்குள் நடந்துபோய்த் தானும் விழுவார்.

லாக் ஏன் ஆர்பிட்டர் ஆகவில்லை

இந்த இடத்தில் பழைய ஆட்டக்காரர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஹேலோ 2 வந்தபோதும் இதே கூச்சல்தானே? பூமியைக் காக்கும் போர் என்று விளம்பரம் செய்துவிட்டு, பாதி கேமை எதிரி அணியைச் சேர்ந்த ஆர்பிட்டராக ஆடவைத்தார்கள். 2003இல் கண்காட்சியில் காட்டி எல்லோரையும் வாய்பிளக்க வைத்த மிஷன் கேமில் அந்த வடிவில் இல்லவே இல்லை. முடிவும் பாதியில் அறுந்து நின்றது. அன்றும் திட்டினார்கள். இன்று ஆர்பிட்டர் இல்லாத ஹேலோவைக் கற்பனை செய்ய முடியாது. லாக்குக்கும் காலம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று 2015இல் சிலர் சொன்னார்கள்.

சரியாகவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. ஆர்பிட்டர் முதல் காட்சியிலேயே தோற்றுப்போனவராக வருகிறார். சொந்த மக்கள் முன்னிலையில் அவமானப்பட்டு, உடம்பில் சூடு வாங்கி, சாவதற்கென்றே கொடுக்கப்படும் பட்டத்தைச் சுமக்கிறார். நாம் முதல் கேமில் கூட்டம் கூட்டமாகக் கொன்ற இனத்தின் வீட்டுக்குள் நம்மை அழைத்துப்போகிறார். தான் நம்பிய மதமே பொய் என்று அவருக்குத் தெரியவரும்போது நமக்கும் அந்தப் போரின் மறுபக்கம் தெரிகிறது. லாக்குக்கு இப்படி எதுவும் நடப்பதில்லை. உத்தரவு வாங்குகிறார், போகிறார், வருகிறார். முதல் மிஷனில் இருந்த அதே மனிதர்தான் கடைசி மிஷனிலும். சீஃபைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார், வேட்டையாடப் பிடிக்கிறதா இல்லையா, கடைசிவரை தெரியாது. அவருடைய அணியில் இருக்கும் பக், ஓடிஎஸ்டி கேமிலிருந்து வந்தவர், இரண்டு வரி நக்கலடித்தாலே லாக் காணாமல்போகிறார்.

ஹேலோ 2க்குக் கிடைத்த இன்னொரு அதிர்ஷ்டம், மூன்றே வருடத்தில் ஹேலோ 3 வந்து அறுந்த கதையை முடித்துவைத்தது. ஹேலோ 5க்கு அடுத்தது வர ஆறு வருடம் ஆனது. வந்ததும் முடித்துவைக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அரீனாவில் நடந்தது

இப்போது மறுபக்கம். கேம்பெய்னைத் தொடாமல் நேராக அரீனாவுக்குப் போனவர்களுக்கு வேறொரு உலகம் திறந்தது. நாலுக்கு நாலு, எல்லோருக்கும் ஒரே துப்பாக்கிகள். ஹேலோ 4இல் கேட்ட வசவுக்கெல்லாம் நேரடிப் பதில். எப்போதும் நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம், தனி சர்வர்கள். கைத்துப்பாக்கியால் ஒருவரை வீழ்த்த ஐந்து குண்டு, கடைசிக் குண்டு தலையில்.

சண்டையின் ருசி எதில் இருந்தது என்றால், த்ரஸ்டரில். ஒரு பொத்தானைத் தட்டினால் பக்கவாட்டிலோ பின்னாலோ சட்டென்று ஒரு உந்து. எதிரில் இருப்பவர் மூன்று குண்டு போட்டுவிட்டார், உங்கள் கவசம் கரைந்துகொண்டிருக்கிறது. மூலைக்குப் பின்னால் உந்திப் போகிறீர்கள். அவர் துரத்துவாரா, கையெறி குண்டு போடுவாரா? அவரிடம் த்ரஸ்டர் மிச்சம் இருக்கிறதா, செலவாகிவிட்டதா? இந்தக் கணக்கு முழுவதும் ஒரு நொடிக்குள் இரண்டு தலைக்குள்ளும் ஓடும். விளிம்பைப் பிடித்து ஏறலாம், சறுக்கலாம், காற்றில் நின்று குறிபார்க்கலாம். பழைய ஹேலோவின் கனத்த நடைக்குப் பழகியவர்களுக்கு முதலில் தலைசுற்றியது. பழகியவர்கள் வெளியே வர மறுத்தார்கள். 2016 மார்ச்சில் ஹாலிவுட்டில் நடந்த ஹேலோ உலகக் கோப்பையின் பரிசுத்தொகை 25 லட்சம் டாலர். கன்சோல் கேம் போட்டிகளில் அதுவரை இல்லாத தொகை. கவுன்ட்டர் லாஜிக் கேமிங் அணி தட்டிச்சென்றது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஸ்பிரின்ட், அதாவது ஓடும் வசதி, பெரிய மதச்சண்டையாகவே ஆனது. ஓட முடிந்தால் மேப்பைப் பெரிதாக்க வேண்டும், பெரிதாக்கினால் சண்டை நீர்க்கும், அடிபட்டவர் சுலபமாகத் தப்பிப்பார் என்பது ஒரு தரப்பு. ஓட முடியாத சூப்பர் சிப்பாய் என்ன சிப்பாய் என்பது மறுதரப்பு. ஓடும்போது கவசம் மீண்டும் நிரம்பாது என்று ஸ்டுடியோ ஒரு சமரசம் கண்டுபிடித்தது. கெட்டிக்காரத்தனமான தீர்வு என்பது என் கருத்து. இரண்டு தரப்பையும் அது சமாதானப்படுத்தவில்லை என்பது வேறு விஷயம். ஆளை நோக்கி ஓடிவந்து தோளால் இடிக்கும் ஸ்பார்ட்டன் சார்ஜைப் பற்றி மட்டும் இரு தரப்பும் ஒன்றுபட்டன. குறிபார்க்கத் தெரியாதவனுக்கு ஓசியில் ஒரு உயிர் என்று கரித்துக்கொட்டினார்கள்.

வார்சோன் என்ற பெரிய ஆட்டம் இன்னொரு கதை. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, கோட்டைகள், நடுவில் கணினி ஓட்டும் எதிரிகள், அவர்களுக்குத் தலைவர்கள். இங்கே டாங்கி வேண்டுமென்றால் அதற்கான ரெக் அட்டை உங்களிடம் இருக்க வேண்டும். அட்டைகள் ரெக் பேக்குகளில் வரும். பேக்கை ஆடிச் சம்பாதித்த புள்ளிகளாலும் வாங்கலாம், காசாலும் வாங்கலாம். உள்ளே என்ன இருக்கும் என்பது பிரித்தால்தான் தெரியும். அட்டை ஒருமுறைக்குத்தான். சேர்த்துவைத்த ஸ்கார்ப்பியன் டாங்கியை ஒருவழியாக இறக்கி, கதவை மூடுவதற்குள் எதிரி லேசரால் பொசுக்கிவிட்டால், அட்டையும் போச்சு, டாங்கியும் போச்சு. முழு விலை கொடுத்து வாங்கிய கேமுக்குள் சீட்டுக் குலுக்கலா என்ற கோபம் நியாயமானது. இதற்கு இன்னொரு முகமும் உண்டு. முந்தைய ஹேலோக்களில் புது மேப்புகளைக் காசுக்கு விற்றார்கள். வாங்கியவர், வாங்காதவர் என்று ஆட்டக்காரர் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. ஹேலோ 5இல் பிறகு வந்த மேப்புகள் எல்லாம் இலவசம். உலகக் கோப்பைப் பரிசு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமானதும் ரெக் பேக் விற்பனையின் பங்கினால்தான்.

வெளியான நாளில் பாதிக் கடை திறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேப் கட்டும் ஃபோர்ஜ் டிசம்பரில்தான் வந்தது. பெரிய அணிகள் மோதும் பிக் டீம் பேட்டில் நவம்பரில். கூட்டாக எதிரி அலைகளைச் சமாளிக்கும் ஃபயர்ஃபைட் 2016 ஜூனில். ஒருவர் கேமை வாங்கி, இரண்டு வாரம் ஆடி, விற்றுவிட்டு ஒரு கருத்து சொல்கிறார். இன்னொருவர் அடுத்த வருடம் நிறைந்த கடைக்குள் நுழைந்து வேறொரு கருத்து சொல்கிறார். ஹேலோ 5 பற்றிய பேச்சில் பாதிக் குழப்பம் இந்தத் தேதி வித்தியாசத்தால் வந்தது. ஃபோர்ஜ் வந்தபோது அதுவரை தொடரில் இருந்தவற்றிலேயே அதுதான் உயர்ந்தது என்று திட்டியவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

ஒரே சோஃபா

எல்லா வசவிலும் நீண்ட நாள் நின்றது ஸ்ப்ளிட் ஸ்கிரீன். ஒரே டிவியை இரண்டாகப் பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடும் வசதி முதல் ஹேலோவிலிருந்து இருந்தது. பலருக்கு ஹேலோ என்றாலே அதுதான். அண்ணன் முதல் கன்ட்ரோலர், தம்பி இரண்டாவது, எதிராளியின் பாதித் திரையை ஓரக்கண்ணால் பார்ப்பதற்குச் சண்டை. 2015 ஜூனில், ஹேலோ 5இல் அது கிடையாது என்று 343 அறிவித்தது. சொன்ன காரணம் 60 ஃப்ரேமும் ஆட்டக்களத்தின் பிரம்மாண்டமும். தொழில்நுட்பமாகப் பொய்யில்லை. 60 ஃப்ரேமைப் பிடித்துவைக்க அந்தக் கன்சோல் பட்ட பாடு கண்ணுக்கே தெரிந்தது. படத்தின் தெளிவு இடத்துக்கு இடம் ஏறி இறங்கும். தூரத்தில் நிற்கும் எதிரிகளின் அசைவு மட்டும் விட்டுவிட்டு வெட்டும்.

கோபம் வேறு இடத்தில் இருந்தது. கேம்பெய்ன் முழுவதுமே நாலு பேர் சேர்ந்து ஆடுவதற்காகக் கட்டப்பட்டது. அதனால்தான் எப்போதும் நாலு பேர் அணி, அதனால்தான் முதுகில் பலவீனம் உள்ள வார்டன். தொடரிலேயே கூட்டு ஆட்டத்துக்கென்று முதலிலிருந்து வடிவமைத்த கேமில்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஆட முடியாது! ஒரே வீட்டில் இருவர் சேர்ந்து ஆட வேண்டுமென்றால் இரண்டு கன்சோல், இரண்டு டிவி, இரண்டு பிரதி. ஆன்லைன் சந்தா தனி.

இதை மட்டும் ஸ்டுடியோ வாய்விட்டு ஒப்புக்கொண்டது. 2017 பிப்ரவரியில் டைஸ் என்ற கேம் துறை மாநாட்டில் 343இன் தலைவி போனி ராஸ், அந்த முடிவு தங்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் வலித்தது என்று பேசி, இனி வரும் ஹேலோ ஷூட்டர்கள் எல்லாவற்றிலும் ஸ்ப்ளிட் ஸ்கிரீன் இருக்கும் என்று வாக்குக் கொடுத்தார்.

அடுத்த கேம் எதைக் கேட்டது

2021 டிசம்பர் 8 அன்று ‘ஹேலோ இன்ஃபினிட்’ வந்தது. மல்டிபிளேயர் அதற்கு மூன்று வாரம் முன்பே இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. ஹேலோ 5 மீதான புகார்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவைத்து வேலை பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. லாக் இல்லை. முழுக்கச் சீஃப். கவசங்களும் எதிரிகளும் பழைய தோற்றத்துக்குத் திரும்பினார்கள். ஸ்பார்ட்டன் சார்ஜ் போயிற்று. ஸ்பிரின்ட் இருந்தது, ஆனால் நடைக்கும் ஓட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாத அளவுக்கு அடக்கியிருந்தார்கள். குலுக்கல் பேக்குகள் இல்லை. அவற்றின் இடத்தில் கடையும், ஆடி ஆடிப் பரிசுகளைத் திறக்கும் பேட்டில் பாஸும் வந்தன, அவற்றுக்குத் தனி வசவு. 2 கோடிப் பேர் ஆடினார்கள் என்று 2022 ஜனவரியில் அறிவித்தார்கள்.

பட்டியலில் இல்லாதவை என்ன ஆயின? த்ரஸ்டர், எல்லோர் உடம்பிலும் இருக்கும் இயல்பு என்ற நிலையிலிருந்து மேப்பில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளும் பொருளாக மாறியது. அரீனாவின் அந்த ஒரு நொடிக் கணக்கு அதோடு போனது. வார்சோன் அடியோடு இல்லை. அட்டை முறையைத்தான் வெறுத்தோம், ஆட்டத்தை வெறுக்கவில்லையே என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. கோர்டானாவின் சர்வாதிகாரம் பிடிக்கவில்லை என்று சொன்னதற்காக, அந்தப் போரையே திரைக்குப் பின்னால் நடத்தி முடித்துவிட்டார்கள். இன்ஃபினிட் தொடங்கும்போது எல்லாம் முடிந்த கதை. நடந்ததைத் துண்டு துண்டான பழைய பதிவுகளில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹேலோ 5இன் முடிவு பிடிக்காதவர்களில் பெரும்பாலோர் கேட்டது அதை ஒழுங்காக முடித்துவைக்கச் சொல்லித்தான். அழிக்கச் சொல்லி இல்லை. கதையை வெறுத்தவர்களே, ஆறு வருடம் காத்திருந்தது இதற்கா என்று அலுத்துக்கொண்டதைப் பார்க்க எனக்கே கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது.

இங்கே ஹேலோ 4 பற்றி முன்பு சொன்னதை நினைத்துப் பாருங்கள். அங்கே கதை பிடித்தது, மல்டிபிளேயர் பிடிக்கவில்லை. ஐந்தில் மல்டிபிளேயரைத் திருத்தினார்கள், கதையைத் தொலைத்தார்கள். ஐந்தில் மல்டிபிளேயர் பிடித்தது, கதை பிடிக்கவில்லை. இன்ஃபினிட்டில் கதையின் திசையை மாற்றினார்கள், மல்டிபிளேயரில் தனித்துவமாக இருந்ததைக் கழற்றிவைத்தார்கள். திட்டுகிறவர் காரணத்தோடு, நீளமாக, தினமும் திட்டுகிறார். பிடித்தவர் பேசாமல் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறார். சத்தத்தை வைத்து அளந்தால் இப்படித்தான் முடியும். ஆட்டக்காரர்கள் மேலும் தப்பு இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. எந்த மோடில் எத்தனை பேர் எத்தனை மணி நேரம் இருந்தார்கள் என்ற கணக்கு ஸ்டுடியோவிடம் மட்டும்தான் இருக்கிறது.

வாய்விட்டுக் கொடுத்த அந்த ஒரு வாக்கு என்னவாயிற்று? இன்ஃபினிட் மல்டிபிளேயரில் ஸ்ப்ளிட் ஸ்கிரீன் வந்தது. கேம்பெய்னுக்கும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2022 செப்டம்பரில் அதைக் கைவிட்டதாக அறிவித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், மெனுவில் ஒரு ஓட்டை வழியாகப் புகுந்து, கேம்பெய்னை இரண்டு பேர் ஒரே டிவியில் ஆட முடிகிறது என்று ஆட்டக்காரர்களே செய்து காட்டினார்கள். அதே செப்டம்பரில் போனி ராஸ் 343இலிருந்து விலகினார். 2024 அக்டோபரில் ஸ்டுடியோ தன் பெயரை ஹேலோ ஸ்டுடியோஸ் என்று மாற்றிக்கொண்டு, கேம் கட்டும் மென்பொருளான அன்ரியல் எஞ்சினுக்கு மாறுவதாக அறிவித்தது.

2025 அக்டோபரில், முதல் ஹேலோவின் கேம்பெய்னைப் புதிதாகக் கட்டி 2026இல் வெளியிடுவதாகச் சொன்னார்கள். பிளேஸ்டேஷன் 5க்கும் உண்டு என்பதுதான் தலைப்புச் செய்தியானது. பழைய ஆட்டக்காரர்கள் அறிவிப்பில் தேடிய வரிகள் வேறு. கன்சோலில் இருவர் ஆடும் ஸ்ப்ளிட் ஸ்கிரீன் உண்டு. ஸ்பிரின்ட் உண்டு, வேண்டாதவர் அணைத்துவைக்கலாம். 2015இன் இரண்டு சண்டைகளுக்கும் ஒரே அறிவிப்பில் பதில்.

ஹேலோ 5 மட்டும் இன்னும் எக்ஸ்பாக்ஸுக்குள்ளேயே கிடக்கிறது. மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன் ரீச்சையும் சேர்த்துக்கொண்டு 2019 இறுதியிலிருந்து ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்குப் போனது. பழைய கேம்களுக்கு அங்கே புது ரசிகர்கள் கிடைத்தார்கள், ஹேலோ 4க்குக்கூட இரண்டாவது விசாரணை நடந்து தண்டனை கொஞ்சம் குறைந்தது. ஐந்தாவதன் ஃபோர்ஜ் கருவி மட்டும் 2016 செப்டம்பரில் விண்டோஸ் 10க்கு இலவசமாக வந்தது. கேம்பெய்னும் வார்சோனும் தரவரிசை அரீனாவும் வரவில்லை. அதனால் அதைப் பற்றி இன்று கொஞ்சம் கனிவாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அன்று அரீனாவில் இருந்தவர்களே. அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காமல் கேம்பெய்னோடு டிஸ்க்கை விற்றவர்களுக்கு, இன்று மனம் மாற வேண்டுமானால் முதலில் ஒரு எக்ஸ்பாக்ஸ் வேண்டும்.